ரேடியோ பேசாத வாரம்

உண்டியல் வைத்து ஒரு வாரம் ஆகியும் அதில் விழுந்தது ஒரு சட்டைப் பித்தான் மட்டும்தான். அதையும் யாரும் போடவில்லை. போர்த்தும் துணியை உதறியபோது எங்கிருந்தோ தெறித்து, தானாகவே போய் விழுந்தது.

சலூன்காரர் உண்டியலைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். பித்தான் உருண்டது.

“ஜனங்களுக்கு இரக்கமே இல்லாம போச்சா தம்பி?”

இரண்டாவது நாற்காலியில் வேலை பார்க்கும் தம்பிக்கும் தலை நரைத்துவிட்டது. முதலாளியைவிடக் கொஞ்சம்தான் இளையவர். பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பதிலையும் முதலாளியே சொல்லிவிட்டார்.

“இரக்கம் இல்லாம இல்ல. விஷயம் மனசுல பதியலை. இன்னும் விளக்கமா எடுத்துச் சொல்லணும்.”

தம்பி வாயை மூடிக்கொண்டார். பல வருஷப் பழக்கம்.

தெருவில் சலூன்காரருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது தொடங்கும் பேச்சு, இரவு ஷட்டரை இறக்கிப் பூட்டிய பிறகும் பூட்டோடு கொஞ்ச நேரம் நடக்கும். ஒருமுறை தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர், பாடாத ரேடியோ ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். ரேடியோக் கடை எங்கே என்று விசாரித்தாராம், எல்லோரும் இங்கேதான் கையைக் காட்டினார்களாம். சலூன்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. அவரை உட்காரவைத்து, முடி வெட்டி, ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று தனக்குத் தோன்றியதையெல்லாம் சொல்லி அனுப்பிவைத்தார்.

உண்டியல் வந்த கதை இது. அவர் மனைவியின் தம்பி கடல் தாண்டிய ஒரு தேசத்தில் எலக்ட்ரீஷியன். அங்கே காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் மின்சார வேலைக்குப் போன இடத்தில், புயலில் விடுதியின் கூரை பறந்துபோயிருப்பதைப் பார்த்திருக்கிறான். பிள்ளைகள் வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, நடுவில் படுக்கிறார்கள். போட்டோக்களை அக்காவுக்கு அனுப்பியிருந்தான். அதில் ஒன்றில், சுருட்டிவைத்த பாயின்மேல் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண் இன்னொருத்திக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். சலூன்காரர் அந்தப் போட்டோவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொண்ணு வகிடு எடுக்கறதைப் பாரு. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு,” என்றார். பிறகு, “நம்ம கடை சார்பா அந்தக் கூரையைப் போட்டுக் கொடுத்துடுவோம்,” என்றார்.

“நம்ம கடைக்கூரையே ஒழுகுது,” என்றாள் மனைவி.

“அது சொட்டுது. ஒழுகறது வேற.”

மறுநாளே உண்டியல் கண்ணாடிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. வந்த வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அவர் கதையைச் சொன்னார். புயல் எந்தத் திசையில் கிளம்பியது என்பதிலிருந்து ஆரம்பித்தார். நடுவில் மச்சினன் சின்ன வயதில் ஃபியூஸைப் பிடுங்கியது, தான் கல்யாணம் செய்துகொண்டது, தகரத்துக்கும் ஓட்டுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் வரும். கூரை பறக்கும் கட்டத்துக்கு வருவதற்குள் முடிவெட்டு முடிந்துவிடும். துணியை அவிழ்த்த மறுநொடி வாடிக்கையாளர் எழுந்து, கூலியைக் கையில் திணித்துவிட்டு, தெருவுக்குப் போய்த்தான் மூச்சு விடுவார். உண்டியலைத் திரும்பிப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

அன்று சாயங்காலம் அடுத்த கடை வாட்ச் ரிப்பேர்க்காரர் முகச் சவரத்துக்கு வந்தார். தாடையில் நுரை, தொண்டையில் கத்தி. தப்பிக்க வழியில்லை. புயலை முழுசாகக் கேட்டு முடித்தார். கத்தி கழுத்தைவிட்டு விலகியதும் சொன்னார்.

“நான் பணம் தரேன். ஆனா ஒரு வாரம் நீங்க பேசாம இருக்கணும்.”

“என்னது?”

“திங்கக்கிழமை கடை திறக்கறதுல இருந்து சனிக்கிழமை சாத்தற வரைக்கும். ஒரு வார்த்தை வரக்கூடாது. காது கேக்காத பிள்ளைங்களுக்காக நீங்க வாயைக் கட்டறீங்க. பொருத்தமா இருக்குல்ல? நான் மட்டும் இல்ல, இந்த வரிசையில யாரைக் கேட்டாலும் இதுக்குப் பணம் தருவாங்க.”

கேட்டுப் பார்த்தார்கள். பேக்கரிக்காரர் உடனே சம்மதித்தார். மருந்துக்கடை முதலாளி, பேக்கரிக்காரர் சொன்னதைப்போல இரண்டு மடங்கு சொன்னார். சலூன்காரரின் மனைவி வேலை பார்ப்பது அந்த மருந்துக்கடையில்தான். முதலாளி சொன்ன தொகையைக் கேட்டு அவளே சிரித்துவிட்டாள். இத்தனை பேர் தன் வாய்க்கு இவ்வளவு விலை வைத்திருப்பது சலூன்காரருக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் கூட்டிப் பார்த்தால் பாதிக் கூரை வந்துவிடும்போல இருந்தது.

“எழுதிக் காட்டலாமா?” என்று கேட்டார்.

“கூடவே கூடாது. நீங்க கட்டுக்கட்டா எழுதித் தள்ளுவீங்க. போன்ல டைப் பண்றதும் கிடையாது.”

“கையை?”

“கையை ஆட்டிக்குங்க. கையைக் கட்டிப்போட்டா யாரு முடி வெட்டறது? ஆனா ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்தாலும் யாரும் எதுவும் தர மாட்டோம்.”

அவர் பேசவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார் வாட்ச்காரர். கடையில் தம்பி பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் சாயங்காலம் வேலை விட்டு வரும்போது மனைவி போனில் வீடியோ எடுக்க வேண்டும். அவள் ஒரு படி மேலே போய், அந்த வீடியோக்களைத் தன் தம்பிக்கும் அனுப்பிவைப்பதாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்துச் சந்தோஷப்படுவார்களே.

திங்கட்கிழமை காலை முதல் வாடிக்கையாளர் வந்தார். வேலைக்கு இன்டர்வியூ போகிற இளைஞர். சலூன்காரர் புருவத்தைத் தூக்கி, எவ்வளவு வெட்ட என்று கேட்க, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். ‘இத்தனூண்டு எடுத்துவிடட்டுமா?’ என்று அர்த்தம். இளைஞர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினார். மூடியதும் சலூன்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனூண்டு எடுக்கச் சொன்னாரா, இத்தனூண்டு விட்டுவைக்கச் சொன்னாரா? வாயிருந்தால் அரை நொடியில் தீரும் சந்தேகம். தோளைத் தட்டி மறுபடியும் விரலைக் காட்டினார். இளைஞர் கண்ணைத் திறக்காமலே, “ஆமாங்க, அவ்வளவுதான்,” என்றார்.

எழுந்தபோது அவர் தலையில் அவ்வளவுதான் இருந்தது.

“இன்டர்வியூ பேங்க்ல,” என்றார் இளைஞர் கண்ணாடியைப் பார்த்தபடி. “போலீஸ்ல இல்ல.”

இனி சைகையை நம்பக்கூடாது என்று முடிவு செய்த சலூன்காரர், உள்ளே கிடந்த தலையலங்காரப் போஸ்டர்களை எடுத்து வரிசையாகச் சுவரில் ஒட்டினார். வருகிறவர் வேண்டியதைத் தொட்டுக் காட்டட்டும். மத்தியானம் வந்த கனத்த உடம்புக்காரர் ஒருவர், ஓரத்தில் மாட்டியிருந்த போட்டோவைத் தொட்டு, “இது யாருங்க, உங்க பையனா?” என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் தம்பியின் டிரிம்மர் இரைந்துவிட்டது. சலூன்காரர் கண்ணுக்குத் தெரிந்தது அந்த விரல் மட்டும்தான். போட்டோவில் இருந்தது அவருடைய அக்கா மகன். ஒருபக்கம் மழித்து, மறுபக்கம் நெற்றியில் சரியவிட்டிருப்பான். வந்தவருக்குச் சரியவிட இருந்ததே காதுக்குமேல் ஒரு கைப்பிடி. சலூன்காரர் அதில் ஒருபக்கத்தைப் பொறுப்பாக மழித்து முடித்துவிட்டார்.

அவர் கூலி தராமலே போனார். சலூன்காரரும் வாசல்வரை போய்க் கைகூப்பி வழியனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை விசில் வந்தது. பழைய சாமான்களுக்கிடையே கிடந்த விசிலைக் கண்டெடுத்து, ஒரு ஊதலுக்குத் தலையைக் குனி, இரண்டு ஊதலுக்கு நிமிர், நீளமாக ஊதினால் அசையாதே என்று ஏற்பாடு செய்துகொண்டார். விசில் ஊதுவது பேச்சாகுமா என்று வாட்ச்காரரிடம் தம்பி போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஆகாது என்று பதில் வந்தது. அந்தப் பெருந்தன்மைக்காக வாட்ச்காரர் அன்றைக்கே வருத்தப்பட வேண்டியிருந்தது.

வெளியே சரக்கு இறக்க வந்த வேன் ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. உள்ளே ஒருவர் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது. சலூன்காரர் இரண்டு முறை ஊதினார். வேன் டிரைவர், யாரோ நல்ல மனுஷர் பின்னால் நின்று ‘வரலாம் வரலாம்’ என்கிறார் என்று நினைத்து வந்தார். நாற்காலிக்காரர் இன்னும் நிமிரவில்லை. மறுபடியும் இரண்டு ஊதல். டிரைவர் மறுபடியும் வந்தார். வேன் இடித்து வாட்ச் கடையின் போர்டு மடங்கி, கடையின் வாசலிலேயே உட்கார்ந்தது.

வாட்ச்காரர் ஒற்றைக் கண்ணில் லென்ஸோடு வெளியே ஓடி வந்தார்.

“விசில் ஊதினது யாரு?” என்று டிரைவர் கேட்டார்.

சலூன்காரர் நேர்மையானவர். தன் நெஞ்சில் கை வைத்தார். பிறகு மன்னிப்புக் கேட்கும் பாவனையில், தெரியாமல் செய்துவிட்டேன், என் புத்தி சரியில்லை என்று நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டினார். அந்த விரல் சுழன்றபோது அவர் பார்வை வாட்ச்காரர்மேல் இருந்தது.

“எனக்கா பைத்தியம்?” என்றார் வாட்ச்காரர்.

சலூன்காரர் பதறிப்போய் இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினார். உங்களுக்கு இல்லை, எனக்கு, போர்டை நானே மாட்டித் தருகிறேன், ஏணி இருக்கிறது, ஆணியும் இருக்கிறது. இவ்வளவையும் மூச்சு விடாமல் கையால் சொன்னார். ஆணி அடிக்கும் சைகையை மட்டும் வாட்ச்காரர் தன் மண்டையை உடைப்பதாக எடுத்துக்கொண்டார். மனைவி வந்து சமாதானம் செய்து, போர்டுக்கு ஆகும் செலவை ஏற்றுக்கொண்டு, வீடியோவும் எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று இரவு சாப்பிடும்போது அவள் மருந்துக்கடையில் நடந்ததைச் சொன்னாள். இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவர் அங்கே நின்ற நேரம் முழுக்க ஒருமுறைகூட இருமாததையும், இருமிக் காட்டுங்கள் என்று முதலாளி கேட்டதையும் சொல்லிச் சிரித்தாள். சலூன்காரருக்கு இதே மாதிரி ஏழெட்டு இருமல் கதைகள் தெரியும். நாக்கு நமநமத்தது. அடக்கிக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை. மாத்திரைகளைப் பார்க்காமலே கையால் தடவி எடுக்கத் தனக்கு வந்துவிட்டதையும், சொந்தமாக ஒரு மருந்துக்கடை வைக்கலாமா என்று எப்போதாவது தோன்றுவதையும் சொன்னாள்.

இது அவருக்குப் புதுசு. இத்தனை வருஷத்தில் இதை ஏன் சொல்லவில்லை என்று புருவத்தால் கேட்டார்.

“சொல்ல ஆரம்பிச்சிருக்கேன், பலதடவை,” என்றாள் அவள். “நீங்கதான் முடிச்சு வைப்பீங்க.”

அவர் தன் தட்டிலிருந்த பொரித்த மீன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

புதன்கிழமை போன் அடித்தது. பழக்கதோஷத்தில் எடுத்துக் காதில் வைத்துவிட்டார். பக்கத்து ஊரிலிருந்து அவருடைய அக்கா.

“தம்பி. என்னடா, நான்தான். ஏன் பேச மாட்டேங்கற?”

சலூன்காரர் ரிசீவரை நகத்தால் இரண்டு தட்டு தட்டினார்.

“கோவமா? அந்த பீரோ விஷயமா? அது அம்மா எனக்குன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. வேணும்னா எடுத்துக்கோ. ஏண்டா மூச்சு மட்டும் கேக்குது? டேய், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

அவர் போனைக் கடைத் தம்பியிடம் நீட்டினார். தம்பி, “அக்கா, அவருக்கு ஒண்ணும் இல்ல, ஒரு பந்த...” என்று ஆரம்பித்தார். அதற்குள் அக்கா, “எனக்குத் தெரியும், வாய் இழுத்துக்கிச்சு, மறைக்காதே, நான் கிளம்பிட்டேன்,” என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தக் குடும்பத்தில் அடுத்தவரைப் பேசி முடிக்கவிடும் பழக்கம் யாருக்கும் இல்லை.

மத்தியானத்துக்குள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சலூன்காரர் சிரித்துக்கொண்டே எழுந்து, நன்றாக இருக்கிறேன் என்று கையை விரித்துக் காட்டினார்.

“கை தூக்க வருது. கையில ஒண்ணும் இல்ல,” என்று அக்கா கடைத் தம்பியிடம் சொன்னாள். “வாய் மட்டும்தான் போயிருக்கு.”

அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

“தலை நடுங்குது பாரு,” என்றாள்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். டாக்டர் புதியவர், தெருவுக்குப் பழக்கமில்லாதவர். நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினார். நாக்கை அமுக்கிக்கொண்டு, “ஆ சொல்லுங்க,” என்றார்.

சலூன்காரர் யோசித்தார். ‘ஆ’ ஒரு வார்த்தையா, இல்லையா? மாட்டைக் குறிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். ஓரெழுத்து ஒருமொழி. வாட்ச்காரர் போர்டு விஷயத்தில் ஏற்கெனவே கடுப்பில் இருக்கிறார். ஒரு மாட்டுக்காகப் பாதிக் கூரையை இழக்க முடியுமா?

முடியாது என்று கையை விரித்தார்.

“முயற்சி பண்ணுங்க. வெறும் ஆ.”

இரண்டு கையையும் கூப்பினார். டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது நல்லது என்றார்.

அக்கா அழுதுகொண்டே திரும்பி வந்தாள். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோருக்கும் அழுத காரணத்தைச் சொன்னாள். பந்தயம் தெரிந்தவர்கள் கடைவரிசையில் நாலைந்து பேர்தான். மற்றவர்களுக்கு அக்கா சொன்னதே சேதி. இரவு மனைவி எடுத்துச் சொல்லப் பார்த்தாள்; என்னைத் தேற்றாதே என்று அக்கா அவளையும் முடிக்கவிடவில்லை. வியாழக்கிழமை விடிந்தபோது, ரேடியோவுக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று மூன்று தெருவுக்குப் பரவியிருந்தது.

கூட்டம் வர ஆரம்பித்தது. முடி வளராதவர்கள்கூட வந்தார்கள். யாரும் கதை கேட்கவில்லை, யாரும் ஓடவில்லை. கண்ணாடிக்கு முன்னால் இருந்த உண்டியலைப் பார்த்ததும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வைத்தியச் செலவு.

லாண்டரிக்காரம்மா வந்தாள். சலூனிலிருந்து துவைக்கப் போடும் துணிகளில் முடி இருக்கிறது என்று வருஷக்கணக்காக அவரோடு சண்டை பிடிக்கிறவள். உண்டியலில் நோட்டை மடித்துப் போட்டுவிட்டு நின்றாள்.

“சீக்கிரம் பேசுங்க. உங்க சத்தம் இல்லாம தெருவே தூங்கி வழியுது. இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வச்சுட்டு உக்காந்துட்டேன் நேத்து,” என்றாள்.

சலூன்காரருக்கு மனது நிறைந்துவிட்டது. தன் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை என்று நினைத்திருந்தார். அந்த நிறைவு அடங்குவதற்குள் அவர் கண் உண்டியலில் விழுந்தது. இவர்கள் கொடுப்பது பிள்ளைகளின் கூரைக்கு அல்ல, இல்லாத வியாதிக்கு. இது ஏமாற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை நிரம்பி வாசலிலும் ஆட்கள் நின்றபோது அவரால் தாங்க முடியவில்லை. ஸ்டூல் மேல் ஏறினார். உண்டியலைத் தூக்கிப் பிடித்தார். தன்னைக் காட்டி, எனக்கில்லை என்று கையை ஆட்டினார். மனைவி ஓரமாக நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள்.

அவர் கையை அலையலையாக நெளித்துக் கடலைக் காட்டினார். காதைப் பொத்திக் காட்டினார். இடுப்பு உயரத்தில் கையை வைத்துச் சின்னப் பிள்ளைகளைக் காட்டினார். தலைக்குமேல் இரண்டு கையையும் கூரையாகக் குவித்து, வாயை உப்பி, கூரையை மேலே பறக்கவிட்டார். கன்னத்தில் கை வைத்துத் தரையில் தூங்கினார். சின்னப் பெண் தலை வாருவதைக்கூட விடவில்லை, வகிடு உட்பட.

“தண்ணியில விழுந்திருக்காரு,” என்றார் முன்வரிசையில் ஒருவர்.

“இடுப்பளவு தண்ணிதான்.”

“காதுல தண்ணி போயிருக்கு. அது மண்டைக்கு ஏறிடுச்சு.”

“இப்ப தலைக்குள்ள என்னமோ பறக்குதாம். தூக்கம் இல்லையாம். தலையைச் சீவினாக்கூட வலிக்குதாம்.”

அங்கேயே இன்னும் நாலு நோட்டு விழுந்தது. சலூன்காரர் ஸ்டூலிலிருந்து குதித்து, உண்டியலைத் திறந்து, கைக்கு வந்ததை அள்ளி லாண்டரிக்காரம்மாவின் கையிலும் பக்கத்தில் நின்றவர் கையிலும் திணித்தார்.

“இருக்கறதைப் பிரிச்சுக் கொடுக்கறானே,” என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கொடுத்துட்டுப் போறானே.”

கடை முழுக்கக் கண்களைத் துடைத்துக்கொண்டது.

சலூன்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் போனைத் தாழ்த்தாமலே, உங்கள் இஷ்டம் என்பதுபோல மெல்லத் தலையசைத்தாள். போகட்டும். வாட்ச்காரர் பணமும் மருந்துக்கடைப் பணமும் போகட்டும். கூரைக்கு வேறு வழி பார்க்கலாம். உண்மையைச் சொல்லிவிட அவர் வாயைத் திறந்தார்.

பின்னாலிருந்து ஒரு கை சோப்பு நுரையோடு வந்து அந்த வாயைப் பொத்தியது.

“அவருக்கு ஒண்ணும் இல்லைங்க,” என்றார் தம்பி.

எல்லோரும் திரும்பினார்கள். தம்பியின் குரலை அவர்களில் பாதிப் பேர் அன்றுதான் கேட்டார்கள். கனமான, அழகான குரல்.

“அந்தப் பணம் இவருக்கு இல்ல,” என்று தம்பி ஆரம்பித்தார். கையை எடுக்கவில்லை. புயலைச் சொன்னார், கூரையைச் சொன்னார், காது கேளாத பிள்ளைகளைச் சொன்னார், பந்தயத்தைச் சொன்னார். மச்சினனின் ஃபியூஸ், தகரம், ஓடு எதையும் தொடவில்லை. “நீங்க வைத்தியத்துக்குன்னு போட்டீங்க. அதனால திருப்பிக் கொடுக்கப் பார்த்தாரு. வேணுங்கறவங்க வாங்கிக்கலாம். அவ்வளவுதாங்க.”

லாண்டரிக்காரம்மா கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். சலூன்காரரைப் பார்த்தாள். வாயைச் சுற்றிலும் வெள்ளை நுரையோடு அவர் விழித்துக்கொண்டிருந்தார். அவள் நோட்டைத் திரும்ப உண்டியலில் போட்டாள்.

“அந்தப் பிள்ளைங்களுக்கே இருக்கட்டும். வியாதி இல்லாததுக்கு இது என் சந்தோஷம்,” என்று இன்னொன்றையும் போட்டாள்.

ஒருவரும் திரும்ப வாங்கவில்லை. அக்கா எழுந்து வந்து சலூன்காரரின் முதுகில் ஒன்று வைத்தாள். “டாக்டர்கிட்ட ஒரு ஆ சொன்னா குறைஞ்சா போயிடுவே?” என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் பங்கையும் போட்டாள். பீரோவைப் பற்றி மறுபடியும் யாரும் பேச்செடுக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் சலூன்காரர் தம்பியின் தோளைப் பிடித்து, இவ்வளவு நன்றாகப் பேசுகிறாயே, இத்தனை வருஷமாக எங்கே வைத்திருந்தாய் என்று சைகையில் கேட்டார்.

“சந்தர்ப்பம் அமையலைங்க,” என்றார் தம்பி.

சனிக்கிழமை முழுக்கத் தம்பிதான் பேசினார். அவருக்கும் சொல்ல நிறைய இருந்தது. சாயங்காலம் ஷட்டர் பாதி இறங்கியபோது உள்ளே எல்லோரும் கூடியிருந்தார்கள். பேக்கரிக்காரர், மருந்துக்கடை முதலாளி, அக்கா, லாண்டரிக்காரம்மா, புதுப் போர்டு மாட்டிய திருப்தியில் வாட்ச்காரர்.

“தோத்தது நான்தான், ஒத்துக்கறேன்,” என்று வாட்ச்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “போர்டு விழுந்தப்போகூட ஒரு வார்த்தை வரலை. இப்படி ஒரு மௌனத்தை நான் பார்த்ததே இல்ல.” சொன்ன பணத்தை எண்ணாமல் உண்டியலில் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். முழுக்கூரைக்கும் போதும், மிஞ்சினால் ஜன்னலுக்கும் ஆகும் என்று மனைவி கணக்குச் சொன்னாள்.

ஷட்டர் தரையைத் தொட்டது. எல்லோரும் சலூன்காரர் வாயையே பார்த்தார்கள். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்தது உடைப்பெடுக்கப் போகிறது என்று மருந்துக்கடை முதலாளி ஸ்டூலை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மனைவியின் போன் அடித்தது. மச்சினன், வீடியோவில். அவனுக்குப் பின்னால் ஒரு வகுப்பறை, ஒதுக்கிவைத்த பெஞ்சுகள், நிறையப் பிள்ளைகள், பக்கத்தில் ஒரு டீச்சர். பிள்ளைகளின் கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

சலூன்காரர் போனை வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

“பிள்ளைங்க நல்லா இருக்காங்களா மச்சான்?” என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மருந்துக்கடை முதலாளி ஏமாந்துபோனார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

“நல்லா இருக்காங்க மாமா. பணம் வந்ததும் தகரம் வாங்கறோம். அக்கா அனுப்பின வீடியோவெல்லாம் இங்க எல்லாரும் பார்த்தாச்சு. நேத்து வந்ததை ரெண்டு தடவை போடச் சொன்னாங்க.”

போட்டோவில் தலை வாரிவிட்ட அந்தச் சின்னப் பெண் முன்னால் வந்து நின்றாள். சலூன்காரரைக் காட்டி டீச்சரிடம் விரல்களால் வேகவேகமாக என்னவோ கேட்டாள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு மச்சினன் காதில் சொன்னார்.

“பாப்பா என்ன கேக்குது?”

“விடுங்க மாமா, சின்னப் பொண்ணு.”

“சும்மா சொல்லு மச்சான்.”

“நீங்க ஒரு வாரம் பேசாம இருக்கப் போறீங்கன்னு நாங்க சொல்லித்தான் வீடியோவைப் போட்டோம். எல்லாத்தையும் கடைசி வரைக்கும் பார்த்துட்டாளாம், உங்க கை ஓயவே இல்லையாம். இவர் எப்போ பேசாம இருக்க ஆரம்பிப்பாருன்னு கேக்குறா.”